தாமோதரன் செய்த இடக்கைத் துப்பாக்கி

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மதியம் எடுத்துப் பார்த்தால் நம் சங்கச் செயலாளர் சேகர் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். திருப்பி அழைத்தேன்.

“மேடம், தாமு சார் பூட்டாரு.”

“எப்போது?”

“காலைல. டிபன் சாப்டுகினு இருந்தாராம். சட்னில உப்பு இல்லன்னு திட்டிகினே சாஞ்சிட்டாராம்.”

சாவுச் செய்தியை உடனே நம்ப முடிவதில்லை என்பார்கள். இதை நான் உடனே நம்பினேன். வேறு எப்படியும் அவர் போயிருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து சேகர் மறுபடி பேசினார். நினைவுக் கூட்டத்தில் படிக்க நான் எழுத வேண்டுமாம். நல்ல விதமாக நாலு வார்த்தை. எனக்கும் அவருக்கும் ஆகாது என்பது தெரிந்துமா கேட்கிறீர்கள் என்றேன். “தெரிஞ்சிதான் மேடம் கேக்கறேன். மத்தவங்க எழுதினா அவர தெய்வம்னு எழுதிடுவாங்க. அப்பறம் யாரப் பத்தி எழுதிகீறாங்கன்னே வந்தவங்களுக்குப் புரியாது.”

ஆகவே எழுதுகிறேன். நல்ல விதமாக என்பதற்கு உத்தரவாதம் தர இயலாது. தாமோதரனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழாத ஒரே விஷயம் அதுதான்.

இங்கே கூடியிருப்பவர்களில் சிலர் புதியவர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அவர் மண்ணூர்க்காரர். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்து, கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஓர் ஆலையில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமுக்குத் தலைவரானார். வல்லம் வடகாலில் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கைக் கேட்டு வாங்கி, பத்து மீட்டர் தூரம் அளந்து, வட்டம் அச்சிட்ட குறித்தாள்கள் போய்வரக் கப்பிகள் பொருத்தி, இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அதை அவர் நடத்திய விதத்தில், துப்பாக்கியைவிட அவருடைய வாய்தான் அதிகம் வெடித்தது.

பெண்களைப் போட்டிக்கு அனுப்ப ஒரு பெண் அலுவலர் உடன் வர வேண்டும் என்று விதி வந்தபோதுதான் என்னைத் தேடினார்கள். நான் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் இயந்திர வரைபடம் கற்பிக்கிறேன். படித்த காலத்தில் பல்கலைக்கழக அணிக்காகச் சுட்டிருக்கிறேன். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சர்ட்டிபிகேட் கீது, சரி. சுடத் தெரியுமா மேடம்?” என்றார். ஒரு குறித்தாளைச் சுட்டுக் காட்டினேன். விளக்கில் பிடித்துப் பார்த்தார். “லக்கு நல்லா கீது உங்களுக்கு” என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அடுத்து கழிப்பறை. பெண்கள் வருகிறார்கள் என்பதால் கட்டியே ஆக வேண்டியதாயிற்று. ஒரு வருடம் எதிர்த்தார். கட்டி முடித்ததும் அதன் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேண்டுபவர்கள் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். நான் ஒரு முறை வாங்கிக்கொண்டு நேராக ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போய் மாற்றுச் சாவிகள் செய்து பெண்களுக்கெல்லாம் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்தபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சேகரிடம், “மேடம் நல்ல வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சேன், பூட்டு ஒடைக்கிற கேசு” என்றாராம்.

இந்த இடத்துக்குத்தான் மாரீஸ்வரி வந்து சேர்ந்தாள்.

விருதுநகர்ப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில், வண்டிகளுக்கு மின்கம்பிகளைக் கட்டும் ஆலையில் பயிற்சித் தொழிலாளி. பயிற்சிக் காலம் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுப்பது அந்த ஆலையின் பழக்கம். ஆனால் ஏதாவது ஒரு விளையாட்டில் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெறுகிறவரை நிரந்தரம் செய்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. கபடி அணியில் இடமில்லை. துப்பாக்கி சுடுவதில் ஆளே இல்லை. அதனால் வந்தாள். ஊருக்குத் திரும்பினால் பட்டாசுக் கொட்டகைதான் என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் விளக்கவில்லை. அவளுடைய அக்காளின் கையை நான் பின்னால் பார்த்தபோது விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் நாள் துப்பாக்கியை வாங்கி இடத் தோளில் வைத்தாள்.

“இன்னாம்மா இது?”

“இந்தக் கைதான் சார் எனக்கு வாக்கா இருக்கு.”

“பீச்சாங்கையா? அத வெச்சிகினு தான் வேலைக்குப் போறியா? சாமிக்கு வெளக்கும் அதுலதான் ஏத்துவியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலரும் அன்று சிரித்தீர்கள். அவள் துப்பாக்கியை வலத் தோளுக்கு மாற்றினாள். அதன் பிறகு பல மாதங்கள் அங்கே அவளுக்குப் பெயர் பீச்சாங்கை என்பதுதான்.

அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போட்டிக்கு எடுத்துப் போகத் தக்க துப்பாக்கி சங்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அதன் கட்டை, அதாவது தோளில் பதியும் மரப்பகுதி, வலக்கைக்காரருக்காகச் செதுக்கப்பட்டது. கன்னம் பதியும் மேடு, உள்ளங்கை பிடிக்கும் வளைவு எல்லாம் அந்தப் பக்கம்தான். இடத் தோளில் வைத்தால் மேடு இருக்க வேண்டிய இடத்தில் வெற்று மரம் கன்ன எலும்பில் இடிக்கும். இதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். தாமோதரனுக்கு எந்தக் காரணத்தையும் காரணமாகச் சொல்ல வராது. வசையாகத்தான் வரும்.

வலக்கையால் அவள் சுட்டது சுமாருக்கும் கீழே. இடது கண் குறுக்கே வருகிறது என்று அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டார். அவளுக்குத் தலைவலி வந்தது. ஒரு ஞாயிறு நான் அவளை நிற்கவைத்து, இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு சந்து விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும் கடிகாரம் காணாமல் போயிற்று. மூளை குறி பார்ப்பதற்கு நம்புவது ஒரு கண்ணைத்தான். இவளுக்கு அது இடது கண். அதைத்தான் நாங்கள் அட்டை போட்டு மறைத்து வைத்திருந்தோம்.

அவரிடம் சொன்னேன். “ரெண்டு கண்ணும் மூஞ்சிலதான கீது மேடம்? பக்கத்துல பக்கத்துலதான கீது?” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “வல்லக்கோட்டை முருகன் கிட்ட போயி, கைய மாத்திக் குடுன்னு வேண்டிகினு வா” என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் விபூதி வைத்துக்கொண்டு வந்தாள். “இன்னா சொன்னாரு முருகன்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

“வேலு எந்தக் கையில இருந்தாலும் குத்தும்னு சொல்லிட்டாரு சார்.”

அன்று சிரிப்பு அவர் பக்கம் போகவில்லை.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் விஷயத்தை எழுப்பினேன். இடக்கைத் துப்பாக்கியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால் காகித வேலைக்கே அவளுடைய பயிற்சிக் காலம் முடிந்துவிடும். இருக்கும் துப்பாக்கிக்கே இடக்கைக் கட்டை ஒன்று செய்யலாம். கோயம்புத்தூரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். கோயம்புத்தூர் என்ற சொல் வேலை செய்தது. மாரீஸ்வரிக்காக அசையாதவர் அதற்கு அசைந்தார்.

“எதுக்குக் கோயமுத்தூரு? எங்க ஆளுங்க டோர் பேனல் லெஃப்டு ரைட்டு ரெண்டும் அடிக்கிறானுங்க. ஒரு கட்டைய அடிக்க மாட்டானுங்களா?”

“அவளை நிற்கவைத்து அளவெடுக்க வேண்டும்” என்றேன்.

“ஆள எதுக்கு அளக்கணும்? கட்டையப் பாத்து கட்டைய செய்யப் போறேன்.”

நம் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த வேலை முறைதான் அது. கார் என்றால் இடக் கதவும் வலக் கதவும் உண்டு. ஒன்றுக்குப் படம் வரைந்தால் மற்றதற்குக் கணினியில் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிவிட்டு, மூலையில் எல்.எச்., அதாவது லெஃப்ட் ஹேண்ட், என்று எழுதினால் முடிந்தது. தாமோதரன் தம் வாழ்நாளில் எண்ணற்ற பாகங்களை அப்படித் திருப்பியவர். பழைய கட்டையை அளவெடுக்கும் இயந்திரத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக வாங்கினார். தாமே உட்கார்ந்து திருப்பினார். வார்ப்பு அச்சுக்காகப் பல காலமாகக் காயவைத்திருந்த ஒரே ஒரு தேக்குத் துண்டை எடுத்து இயந்திரத்தில் ஏற்றினார். வழவழப்பாக வந்த கட்டையின் முன்பக்கத்தில் எல்.எச். என்று மார்க்கரால் எழுதினார்.

பொருத்திப் பார்க்கிற நாளன்று சங்கமே கூடியிருந்தது. கோயம்புத்தூர் இல்லாமல் நடந்ததை நான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய கட்டையிலிருந்து குழலையும் இயந்திரப் பகுதியையும் கழற்றிப் புதியதில் இறக்கினார். இறங்கவில்லை. கொஞ்சம் தட்டினார். இறங்கவில்லை. குனிந்து பார்த்தார்.

நான் முன்பே பார்த்துவிட்டேன். காற்றை அமுக்குவதற்கான நெம்புகோல் அந்தத் துப்பாக்கியில் வலப்பக்கம் இருக்கிறது. அது படிய ஒரு பள்ளம் கட்டையின் வலப்பக்கம் வேண்டும். முழுப் படத்தையும் திருப்பியதில் பள்ளமும் இடப்பக்கம் போய்விட்டது. கன்னமும் கையும் படுகிற இடம் ஆளுக்கானது. அது திரும்ப வேண்டும். இரும்பு உட்காருகிற இடம் திரும்பக் கூடாது. இரும்பு யாருக்காகவும் கை மாறுவதில்லை. என் மாணவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு இது. கார்க் கதவில் இந்தப் பிரச்சினை வராது, அங்கே எல்லாமே திரும்பும்.

“டிராயிங்ல எல்.எச்.னு போட்டா பசங்க எல்லாத்தயும் திருப்பிடுவானுங்க” என்றார் தாமோதரன். திருப்பியது அவர் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். “சிரிங்க மேடம், நல்லா சிரிங்க” என்றபடி உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து, கட்டையின் வலப்பக்கம் கையாலேயே பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். வேண்டாம், இரண்டு பக்கமும் குடைந்தால் நடுவில் மரம் நிற்காது என்று சேகர் சொன்னார். சொல்லி முடிக்கும் முன் மரம் பிளந்த சத்தம் கேட்டது.

மாரீஸ்வரி அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. காய்ந்த தேக்கு வேறு இல்லை. “நான் வலக்கையிலயே சுட்டுக்கிடுதேன் சார்” என்றாள். அவர் கட்டைகள் இரண்டையும் அள்ளிக்கொண்டு வண்டியில் ஏறிப் போனார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது, சங்கத்தின் பழைய கட்டை, அந்த ஒரே நல்ல கட்டை, விசைக்குப் பின்னால் இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. அதன் முன்பாதியை, புதிய தேக்கின் விரிசல் விடாத பின்பாதியோடு சேர்த்து, இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்துத் திருகியிருந்தார். இரும்பு உட்காரும் இடம் பழையது. ஆளுக்கான இடம் புதியது, இடக்கைக்கானது. இரண்டு நிறத்தில் இருந்தது. பார்க்க அசிங்கம்தான்.

வலக்கைப் பையன்கள் கொதித்துப்போனார்கள். “ஒரு பொண்ணுக்காக மொத்த துப்பாக்கியையும் அறுத்துட்டீங்களே, நாங்க இன்னாத்த வெச்சி சார் சுடறது?” என்று ஒருவர் கேட்டார்.

“வாயால சுடு. அதான் உனக்கு நல்லா வருது.”

அந்தக் கோபம் மாரீஸ்வரி மேல்தான் விழுந்தது. அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அவள் சுடும்போது கப்பியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு வாரம் இது நடந்தது. பிறகு ஒரு நாள் தாமோதரன் ஓரத்தில் கிடந்த பழைய பின்பாதியை எடுத்தார். நான்கு திருகுகளைக் கழற்றினார், இடக்கைப் பாதியை எடுத்துவிட்டு வலக்கைப் பாதியை மாட்டினார், திருகினார். துப்பாக்கி பழையபடி வலக்கைத் துப்பாக்கியாகிவிட்டது. தகட்டை அவர் முதலிலிருந்தே அப்படித்தான் செய்திருந்தார். வேண்டியவர் வேண்டிய பாதியை மாட்டிக்கொள்ளலாம். குறிபார்க்கும் வளையங்கள் முன்பாதியில் இருப்பதால் ஒன்றும் பிசகாது.

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“யாரும் கேக்கலியே.”

நல்ல மூளை. அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. இரண்டு வாரம் ஒரு பெண் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மூளையால் முடிந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் இம்முறை அவளை அளந்தார். அவளை நிற்கவைத்து, கன்ன மேட்டில் தகட்டுத் துண்டுகளை வைத்தும் எடுத்தும், தோள்பட்டைத் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தியும், ஒரு ஞாயிறு முழுவதும் திட்டிக்கொண்டே பொருத்தினார். அவள் தலையைச் சாய்த்தபோதெல்லாம் கத்தினார். “தலைய சாய்க்காத! கட்டை உன் மூஞ்சிக்கு வரணும். உன் மூஞ்சி கட்டைக்குப் போவக் கூடாது.”

“இதைத்தானே சார் நான் போன வருடம் சொன்னேன்?” என்றேன்.

“நீங்க கண்ணுன்னீங்க. நான் மூஞ்சின்றேன்.”

மாநிலப் போட்டிக்கான தகுதிச் சுற்று சென்னையில். கருவிகளைச் சோதிக்கும் மேசையில் இருந்த அலுவலர் அந்த இரு நிறக் கட்டையைக் கையில் எடுத்து, “என்னங்க இது, ஒட்டுப் போட்ட துப்பாக்கி? இத அலவ் பண்ண முடியாது” என்றார். நான் விதிப்புத்தகத்தைத் தேடுவதற்குள் தாமோதரன் மேசைக்கு எதிரே போய் நின்றுவிட்டார்.

“ஒட்டுப் போடக் கூடாதுன்னு எந்த ரூல்ல கீது? காட்டு.”

“சார், மரியாதையா பேசுங்க.”

“நீளம் சரியா கீதா? வெயிட்டு சரியா கீதா? அளந்து பாரு. கலர் நல்லா இல்லன்னா உன் வூட்டு ஷோகேசுல வெக்காத. காட்டுயா ரூல!”

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாழ்நாள் முழுவதும் கத்திய மனிதர், நான் பார்த்தவரை ஒரே ஒரு முறை சரியான ஆளைப் பார்த்துக் கத்தினார். அளந்தார்கள். எல்லாம் விதிக்குள் இருந்தது. முத்திரை ஒட்டிக் கொடுத்தார்கள்.

அவள் தகுதி பெற்றாள், பட்டியலின் கடைசி இடத்தில். அது போதுமானதாக இருந்தது. ஆலை அவளை நிரந்தரம் செய்தது. இன்றும் அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். அன்று வெளியே வந்ததும் தாமோதரன் அவளிடம் சொன்ன பாராட்டு இது: “ரைட்டுல சுட்டிருந்தீன்னா இன்னும் கொஞ்சம் மேல வந்திருப்ப.”

“அப்பம் நீங்க லெஃப்ட்ல திட்டியிருந்தா இன்னும் கொஞ்சம் கம்மியா வலிச்சிருக்குமா சார்?” என்றாள்.

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பீச்சாங்கை என்று கூப்பிடுவதை நிறுத்தினார். மாரீஸ்வரி என்று கூப்பிடவும் இல்லை. “ஏம்மா” என்பதோடு நின்றுவிட்டது.

மண்ணூர் வீட்டில் கடைசியாக அவரைக் கிடத்தியிருந்தபோது நான் வாசலோடு நின்றேன். மாரீஸ்வரி முதல் ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு வந்தாள். மாலையை இடக்கையில் பிடித்துப் போடப் போனாள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய பெரியப்பா முறை உறவினர் ஒருவர், “யம்மா, சோத்துக் கையால போடு. பொணத்துக்கு மரியாதை வாணாமா?” என்று அதட்டினார். எல்லாரும் பார்த்தார்கள்.

“இந்தக் கைய சாருக்கு நல்லாத் தெரியும் பெரியவரே” என்று சொல்லி, இடக்கையாலேயே போட்டாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு மரத்துண்டு. பிளந்துபோன அந்தத் தேக்கின் முன்பாதி. கழிவுத் தொட்டியில் எறியப் போனவரிடம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். “எதுக்கு? என்ன கிண்டல் பண்றதுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். கொடுத்துவிட்டார்.

சொன்னபடியே செய்தேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்கள் முன் அதை வைத்து, இதில் எதைத் திருப்பியிருக்க வேண்டும், எதைத் திருப்பியிருக்கக் கூடாது என்று கேட்பேன். இடப்பக்கம் இயந்திரம் துல்லியமாக வெட்டிய பள்ளம், தவறான இடத்தில். வலப்பக்கம் சரியான இடத்தில் ஒரு பள்ளம், கோபத்தில் கொத்தியது. நடுவே விரிசல். உலகத்தில் எந்தத் துப்பாக்கிக்கும் அது பொருந்தாது. இதைச் செய்தது யார் மேம் என்று யாராவது கேட்பார்கள். ஒரு முன்கோபி என்பேன்; சிரிப்பார்கள்; பாடம் தொடரும்.

இந்த வாரமும் எடுத்துப் போனேன். யாரோ கேட்டார்கள். தாமோதரன் என்று சொன்னேன். மீதிப் பாதி எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. இத்தனை ஆண்டுகளில் அதை யாரும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. அது வல்லம் வடகாலில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் அதில் கன்னம் வைத்துச் சுடுகிறாள் என்றேன்.